படிக்கு இரண்டு படி

எடுத்த எடுப்பிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குத் தெலுங்கு தெரியாது.

தெரியாமல் இருப்பது ஒன்றும் குற்றமில்லை. உலகத்தில் எத்தனையோ பேருக்குத் தெரியாது, அவர்களெல்லாம் மானத்தோடுதான் வாழ்கிறார்கள். ஆனால் நான் தெலுங்கு பேசுகிற வீட்டில் பெண் எடுத்து, முப்பது வருடமாகத் தெரியும் தெரியும் என்று தலையாட்டிக்கொண்டு வந்தவன். மாமனார் வீட்டு விசேஷத்தில் எல்லாரும் சிரித்தால் நானும் சிரிப்பேன், அரை நொடி பிந்தி. அவர்கள் பெரும்பாலும் என்னைப் பற்றித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று பிற்பாடு தெரிய வந்தது. அப்படிப்பட்ட தெலுங்கை வைத்துக்கொண்டு போன வருடக் கடைசியில் நான் ஒரு தர்மம் செய்தேன். அதன் பலன், என் மனைவியின் சித்தி மகள் கொதிக்கிற சாம்பார் குண்டானைத் தூக்கிக்கொண்டு, ஆடுகிற செங்கல் மேல் ஒரு மாதத்துக்கு மேல் ஏறினாள். அவள் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அவள் என்னிடம் கேட்டது இரண்டே இரண்டு படிக்கட்டு. நானும் இரண்டு படிதான் கொடுத்தேன். அதில்தான் வந்தது வினை.

முதலில் என் தர்ம வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அரக்கோணத்தில் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் திருத்தணியிலிருந்து காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்பினேன். அந்த வருடங்களில் யாருக்கும் ஒன்றும் கொடுத்ததில்லை, ரயிலில் உட்கார இடம்கூட. ஓய்வு பெற்ற பிறகு மனம் இளகிவிட்டது. செய்ய வேறு வேலை இல்லாதவனுக்கு மனம் இளகுவது சுலபம். வருடத்துக்கு ஒரு தொகையை எடுத்து வைத்து நல்ல காரியத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் வருடம் பஸ் நிற்கிற இடத்தில் குடிதண்ணீர் டிரம் வைத்தேன். சங்கிலி போட்ட டம்ளர், கீழே ஸ்டாண்டு, மேலே என் பெயர் எழுதிய பலகை. முதல் நாள் டம்ளர் போயிற்று. இரண்டாம் நாள் சங்கிலி. மூன்றாம் நாள் டிரம்மும் ஸ்டாண்டும் ஜோடியாகப் போயின. நான்காம் நாள் என் பெயர் மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. "உங்க பேருக்கு அவ்ளோ பாதுகாப்பு" என்றாள் என் மனைவி.

அடுத்தது ஆடிக் கிருத்திகைக்கு வருகிற காவடிக்காரர்களுக்குச் சக்கரைப் பொங்கல். அன்றைக்கு எங்கள் ஊர் ரோட்டில் நூறடிக்கு ஒரு அன்னதானம். இரண்டு பக்கமும் மோர், பானகம், புளிசாதம், தயிர்சாதம் என்று பந்தல் போட்டுக் காத்திருப்பார்கள். பாவம், அந்தப் பக்தர்கள் எத்தனை வயிறு கொண்டுவருவார்கள்? நான் கரண்டியும் தொன்னையுமாக ரோட்டில் இறங்கியதும், மஞ்சள் வேட்டிக்காரர் ஒருவர் காவடியோடு அந்தப் பக்கம் ஓடினார். நானும் ஓடினேன். "அண்ணே, ஒரு வாய்ண்ணே!" என்று கெஞ்சினேன். "வேணாங்க, கீழ இருந்து எட்டு தடவ தின்னுட்டேங்க, மலை ஏறணும்ங்க" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பிச்சை எடுத்தால்கூட இவ்வளவு கெஞ்சியிருக்க மாட்டேன். கடைசியில் அண்டாவில் மிச்சமானதை மூன்று நாள் நானே சாப்பிட்டேன். நான்காம் நாள் சர்க்கரை டெஸ்ட் எடுத்தேன்.

ஆகவே போன வருடம், தர்மத்தை விஞ்ஞான முறையில் செய்வது என்று தீர்மானித்தேன். யார் உண்மையில் தகுதியானவர் என்று ஆராய்ந்து, மதிப்பெண் போட்டு, அதிக மார்க் வாங்குகிறவருக்கு மொத்தத் தொகையும். கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன். தேவைக்கு இருபது மார்க், நேர்மைக்கு இருபது மார்க், பணிவுக்கு அறுபது மார்க்.

"பணிவுக்கு எதுக்கு அறுபது?" என்றாள் மனைவி.

"கேட்கிறவங்க எப்படி கேட்கிறாங்கன்றதுலதான் எல்லாம் இருக்குது."

"நீங்க இன்னா, கலெக்டரா?"

அந்தக் கேள்விக்குப் பணிவு போதாது என்று மனத்துக்குள் மார்க்கைக் குறைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கார்த்திகை பிறந்தாலே ரசீது புத்தகங்கள் முளைக்கத் தொடங்கும். காரணம் வருடக் கடைசி. மற்ற ஊர்களில் டிசம்பர் முப்பத்தொன்றுக்குக் கேக் வெட்டுவார்கள். நாங்கள் மலைப்படிகளுக்குப் பூஜை செய்வோம். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஏறுவார்கள். ஊரில் இதைப் 'படி' என்றே சொல்வது வழக்கம். 'படிக்கு வர்றியா?', 'படிக்கு பூ சொல்லிட்டியா?' என்றால் எல்லாருக்கும் புரியும். இந்த வழக்கத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கவிழ்த்தது இதுதான்.

மனுக்கள் வர ஆரம்பித்தன. முதல் ஆள் என் பழைய ஆபீஸ் நண்பர், கோசாலைக்கு வசூல் செய்தார். அவருடைய சொந்த மாடு கடைத்தெருவில் பொதுமக்கள் செலவில் வளர்கிறது, வாழைப்பழத் தள்ளுவண்டிக்காரர்கள் அதைப் பார்த்தாலே வண்டியைத் திருப்புவார்கள். நேர்மைக்கு மூன்று மார்க். அடுத்து சென்னையிலிருந்து தேன் மாதிரிக் குரலில் ஒரு பெண் போன் செய்து, ஒரு முதியோர் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு கேட்டாள். உங்கள் இல்லத்தில் எத்தனை பேர், என்ன சமையல், யார் தணிக்கை செய்கிறார்கள் என்று நான் இருபது நிமிடம் விசாரித்தேன். கடைசியில் அவள், "சார், உங்களுக்கு எத்தனை வயசு? நீங்களே வந்து சேர்ந்துடறீங்களா?" என்றாள். உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள், அதுதான் வலித்தது. பணிவுக்குப் பூஜ்யம்.

இந்த நிலைமையில்தான் கார்த்திகை மாதம் ஒரு காதுகுத்துக்காக மனைவியின் ஊருக்குப் போனோம். ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். வீட்டுக்கு வீடு தறி ஓடும். வாசலில் தெலுங்கு, கடையில் தமிழ், சண்டையில் இரண்டும். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, தகுதியுள்ளவர்கள் என்னிடம் விண்ணப்பிக்கலாம் என்று நான் அறிவித்தேன். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன், வழக்கம்போல் அரை நொடி பிந்தி.

அப்போதுதான் அவள் வந்தாள், மனைவியின் சித்தி மகள். முறைக்கு எனக்கு மச்சினி, அதனால் என்னைப் 'பாவா' என்பாள். அக்கா புருஷனைக் கேலி செய்வது அவர்கள் பக்கம் உரிமை. இவள் அந்த உரிமையில் ஒரு பைசா மிச்சம் வைக்கிறவள் அல்ல.

"பாவா, எனக்கு ஒண்ணு வேணும்."

"வாயால சொல்லாத. எழுதிக் குடு."

"எதிர்லதான நிக்கிறேன். காது கேக்கலயா?"

"காது கேக்குது. ஆனா விதின்னா விதிதான். சொந்தக்காரங்கன்னு சலுகை கிடையாது."

"தமிழ்ல எழுதணுமா, தெலுங்குலயா?"

"எதுல வேணா எழுது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். அன்றைக்கு நான் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை.

அவள் வீட்டில் பேசுவது தெலுங்கு, படித்தது தமிழ். எல்லையோரத்தில் பாதிப் பேர் அப்படித்தான், அதனால் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதுவார்கள். அவளும் காதுகுத்துப் பத்திரிகையின் பின்பக்கத்தைக் கிழித்து, முழங்கால் மேல் வைத்து எழுதி, மடித்து என் சட்டைப் பையில் செருகினாள். எழுதும்போது வலது கையின் வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். முன்கையில் நீளமாக ஒரு சிவந்த தடம் இருந்தது. மருதாணி கலைந்துபோயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சீட்டைப் பிரித்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"பாவா, படிகி ரெண்டு மெட்லு காவாலி. பண்டக லோபல சேஸ்தே சாலு."

இதை மனைவியிடம் காட்டியிருந்தால் அரை நிமிட வேலை. காட்டவில்லை. உறவினர் மனுவை உறவினர் கண்ணில் படவிட்டால் நடுநிலைமை என்ன ஆவது? கதவைச் சாத்திக்கொண்டு நானே மொழிபெயர்த்தேன். 'மெட்லு' என்றால் படிக்கட்டுகள், அது எனக்குத் தெரியும். 'காவாலி' என்றால் வேண்டும். 'கி' என்பது நம் 'க்கு'. 'படிகி' என்றால் படிக்கு. 'பண்டக லோபல' என்றால் பண்டிகைக்குள். ஆக, 'பாவா, படிக்கு இரண்டு படிகள் வேண்டும், பண்டிகைக்குள் செய்தால் போதும்.' வருடக் கடைசிப் படி பூஜையில் தன் பெயரில் இரண்டு படிக்குப் பூஜை செய்யச் சொல்கிறாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்துணவுச் சம்பளத்தில் இருக்கிறவள் தனக்கென்று புடவை கேட்கவில்லை, கம்மல் கேட்கவில்லை, முருகனுக்கு இரண்டு படி கேட்கிறாள். பணிவுக்கு அறுபதுக்கு அறுபது.

டிசம்பர் முதல் வாரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"பாவா, நம்ம மேட்டர் இன்னா ஆச்சி?"

"பரிசீலனைல இருக்குது."

"அப்டின்னா?"

"யோசிச்சிகினு இருக்கேன்னு அர்த்தம்."

"ரெண்டு மெட்டுக்கு இன்னா பாவா அவ்ளோ யோசனை?"

"சரி, எது வேணும் உனக்கு? கீழயா, மேலயா?"

"கீழ இருக்கறது சுத்தமா போயிடுச்சி பாவா. மேல இருக்கறது பாதி போயிடுச்சி."

நோட்டில் குறித்துக்கொண்டேன். கீழ்ப்படிகள் முழுவதும் பதிவாகிவிட்டன, மேற்படிகளில் பாதி. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இவளுக்கு எப்படி இவ்வளவு தகவல் என்று வியப்பாக இருந்தது.

"கொஞ்சம் அகலமா பாருங்க. குண்டான் வெக்கணும்."

"குண்டானா?"

"ஆங். சாம்பார் குண்டான்."

'பிரசாதம்: சாம்பார் சாதம்' என்று குறித்தேன். சக்கரைப் பொங்கல் இல்லை என்பதில் எனக்கும் ஒரு நிம்மதி.

"எப்போ ஆவும் பாவா? சும்மா சொல்லாதீங்க, எங்க டீச்சர் கேட்டுகினே இருக்காங்க."

டீச்சருக்கும் இவ்வளவு பக்தியா என்று நினைத்தேன். "முப்பத்தொண்ணாம் தேதி சாயந்தரம். முருகன் மேல சத்தியம்" என்றேன்.

"சரி. அது வரைக்கும் நான் ஓட்டிக்கிறேன்" என்றாள். எதை ஓட்டிக்கொள்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கிற ஒருவர் பஜனைக் குழு நடத்துகிறார். வருடா வருடம் சில படிகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என்னுடைய அந்த வருடத் தர்மம் முழுவதையும் அவரிடம் கொடுத்து, இரண்டு படிகளுக்குச் சிறப்பாகச் செய்யச் சொன்னேன். அகலமான படி வேண்டும் என்றேன். "எல்லாப் படியும் ஒரே அகலம் சார்" என்றார். சாம்பார் சாதம் வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

முப்பத்தொன்றாம் தேதி, வெயில் தாழ்ந்த நேரம். படி ஏறுகிற கூட்டம் தொடங்கிவிட்டது. பொய் சொல்லக்கூடாது, என் இரண்டு படிகளும் அபாரமாக இருந்தன. கல் தெரியாமல் மஞ்சள், அதன்மேல் வரிசையாகக் குங்குமம், சாமந்தி, உடைத்த தேங்காய். யாரும் மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி ஏறினார்கள். போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'உன்னோட ரெண்டு மெட்லு ரெடி. சொன்ன தேதி, சொன்ன நேரம்.'

வீட்டுக்குள் நுழையும்போது மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். அழவில்லை.

"அந்தச் சீட்டு எங்க?" என்றாள்.

கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கோப்பில் வைத்திருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவள் முதல் வரியை ஒருமுறை வாய்க்குள் படித்தாள். பிறகு, உதட்டை அழுத்தி மூடித் திறந்து, எனக்காகச் சத்தமாகப் படித்தாள். 'ப' என்று நான் படித்த இடத்தில் வேறொரு சத்தம் வந்தது.

"இது 'பல்லி'ல வர்ற 'ப' இல்லீங்க. 'பஸ்'ஸுல வர்ற 'ப'."

"அதனால?"

"தெலுங்குல அதுக்குப் பள்ளிக்கூடம்னு அர்த்தம். பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு படிக்கட்டு வேணும்னு எழுதியிருக்கா. பண்டிகைன்னா பொங்கல்."

நான் சீட்டை வாங்கி மறுபடி படித்தேன். தமிழில் 'ப' ஒன்றுதான். பல்லிக்கும் அதுதான், பஸ்ஸுக்கும் அதுதான். வாயால் சொல்லியிருந்தால் எனக்குக்கூடப் புரிந்திருக்கும். எழுதிக் கொடு, விதின்னா விதிதான் என்றவன் யார்?

"ஸ்கூல்னு எழுத வேண்டியதுதானே?" என்றேன்.

"தெலுங்கு தெரியும்னு நீங்க சொல்லாம இருக்க வேண்டியதுதானே?" என்று சொல்லி மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாவா" என்றது அந்தக் குரல், "போட்டோ நல்லா இருக்குது. மஞ்சள் குங்குமம் எல்லாம் வெச்சி. சாம்பார அங்கயே கொண்டாந்து எறக்கிடட்டா? பசங்க அரோகரா சொல்லிகினு வந்து துண்ணுட்டு போவட்டும்."

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் தெலுங்கில் பேசினார்கள். சிரிப்பு போகப்போகக் குறைந்தது. போனை வைத்ததும் மனைவி சொன்னாள். சமையல் கொட்டகை கீழே, வகுப்பு மேடான கட்டடத்தில். நடுவில் இருந்த இரண்டு படிகளின் அடிமண்ணை ஐப்பசி மழை அரித்துக்கொண்டு போய்விட்டது. செங்கல்லை அடுக்கி அதன்மேல் காலை வைத்துத்தான் தினமும் சோறும் சாம்பாரும் மேலே போகிறது. ஒரு நாள் செங்கல் புரண்டு, குண்டானோடு அவள் விழுந்தாள். கையில் நான் மருதாணி என்று நினைத்தது அதுதான். இனிமேல் முடியாது, வேலையை விட்டுவிடுகிறேன் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். விட்டால் தறிக்குத்தான் போக வேண்டும், தறிச்சத்தம் அவள் காதுக்கு ஆகாது. அப்புறம் என் சத்தியத்தை நம்பி, முப்பத்தொன்று வரைக்கும் பார்க்கிறேன் என்று அவளே போய் வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறாள். அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறக்க ஐந்து நாள் இருந்தது.

அன்றைக்கு நான் சாப்பிட்டதும் சாம்பார் சாதம்தான், பிரசாதம்.

புது வருடத்தன்று காலையில் டீக்கடைக்காரரிடம் போய், கொடுத்ததில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று கேட்டேன். நல்ல மனிதர், கோபிக்கவில்லை. "பணமெல்லாம் பூவும் சோறுமா போயிடுச்சி சார். தேங்காமூடி இருக்குது, எடுத்துகினு போறீங்களா?" என்றார். ஒரு கோணிப்பை நிறைய கொடுத்தார். இப்படியாக, தர்மம் செய்யக் கிளம்பிய நான், புத்தாண்டு காலையில், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேறு திசையில் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கோணி தேங்காய் மூடியோடு ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் போனேன். கண்டக்டர் கோணிக்கும் டிக்கெட் கேட்டார்.

அவள் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தாள். கோணியைப் பிரித்துப் பார்த்தாள். "படி கேட்டா மூடி வருது" என்றாள்.

நான் வீரமாக அந்தச் செங்கல் மேல் காலை வைத்து ஏறிப் பார்த்தேன். முதல் செங்கல் இடதுபக்கம் போயிற்று, நான் வலதுபக்கம் போனேன். கையில் ஒன்றும் இல்லாத எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் சிரிக்காமல் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

உள்ளூர் மேஸ்திரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அளந்து பார்த்துவிட்டு, செங்கல், சிமெண்டு, மணல், மேல் படிக்கு மட்டும் ஒரு நல்ல கல் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு விளிம்பு உதிரும் என்றார். தர்மத் தொகைதான் மலையேறிவிட்டதே, நான் என்ன செய்வேன்? தலையைச் சொறிந்தேன். என் மனைவி மட்டும் சொறியவில்லை.

"எங்க வீட்ல ஒரு கல்லு சும்மா சாஞ்சிகினு இருக்குது" என்றாள்.

இந்தக் கல்லைப் பற்றி இதுவரை உங்களிடம் சொல்லாமல் மறைத்துவிட்டேன். கறுப்பு கிரானைட், கண்ணாடி மாதிரி பாலிஷ். அதில் என் பெயர், என் பட்டம், கீழே 'இரயில்வே (ஓய்வு)' என்று ஆழமாக வெட்டி, பொன் நிறம் பூசியது. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பதித்து, மேலே ஒரு விளக்கு வைக்க வேண்டும் என்று ஆசை. தெருவில் எல்லாருக்கும் உங்களைத் தெரியும், புதிதாக வருகிறவனுக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று மனைவி தடுத்ததால், ஆடியிலிருந்து அது கூடத்துச் சுவரில் சாய்ந்து கிடந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச என்னிடம் என்ன தகுதி இருந்தது? விளக்குக்கு ஒதுக்கியது சிமெண்டுக்கும் கூலிக்கும் போயிற்று. கல் மறுநாள் ஒரு மினி லாரியின் பின்னால், வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

பண்டிகைச் சமயம், சித்தாள் யாரும் கிடைக்கவில்லை. சித்தாள் நான்தான். "பெரியவரே, கலவைய நல்லா பெரட்டு" என்று மேஸ்திரி அதட்டினார். பெரட்டினேன். "தண்ணி ஊத்து." ஊற்றினேன். "போதும்யா, ஆறா ஓடுது!" நிறுத்தினேன். பணிவுக்கு எனக்கு நானே மார்க் போட்டிருந்தால் அன்றைக்கு அறுபது தாண்டியிருக்கும்.

கடைசியில் கல்லைத் தூக்கி மேல் படியில் வைக்கும் நேரம். மேஸ்திரி பாலிஷைத் தடவிப் பார்த்தார், பொன் எழுத்தைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார். கல்லைக் கவிழ்த்து, என் பெயர் கலவைக்குள் போகும்படி வைத்து, சொரசொரப்பான முதுகை மேலே காட்டி, மட்டக்கோல் வைத்துத் தட்டினார். 'டக் டக்' என்று நான்கு தட்டு. பட்டமும் ஓய்வும் உள்ளே போயின. சித்தாள்கள் பேசக்கூடாது.

மூன்று நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்தார்கள். பள்ளி திறந்த அன்றைக்கு மதியம் நான் போய் வேப்பமரத்தடியில் நின்றேன். கொட்டகையிலிருந்து அவள் வெளியே வந்தாள். இரண்டு கையிலும் துணி சுற்றிக் குண்டானைப் பிடித்திருந்தாள், ஆவி அவள் முகத்தை மறைத்தது. முதல் படியில் காலை வைத்தாள். ஒரு கணம் நின்றாள், பழைய பழக்கம், கால் ஆட்டத்தை எதிர்பார்த்தது. படி ஆடவில்லை. இரண்டாவது படி. என் பெயருக்கு மேல் அவள் பாதம் முழுசாகப் பதிந்தது. அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். உள்ளே தட்டுகள் வரிசையாகத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்குத் தேங்காய் போட்ட சாம்பாராம், வாசனை மரத்தடி வரைக்கும் வந்தது.

காலிக் குண்டானோடு அவள் இறங்கி வந்தாள். முன்கைத் தடம் இப்போது பழுப்பாகிவிட்டிருந்தது. எனக்கும் ஒரு டம்ளரில் சாம்பார் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதைக் குடித்துக்கொண்டே படியைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனிதப் பிறவி, என்ன செய்வது? முப்பது வருடம் தெலுங்கு தெரியும் என்று சொன்ன அதே வாய் மெதுவாகத் திறந்தது.

"ஏம்மா, கலவை இன்னும் முழுசா இறுகியிருக்காது. மேஸ்திரிக்கு ஒரு மணி நேர வேலைதான். அந்தக் கல்லை மட்டும் லேசா எடுத்து, எழுத்து மேல பாக்குற மாதிரி திருப்பி வெச்சிட்டா என்ன?"

அவள் என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"வழுக்கும் பாவா."